பழைய ஜீப்பும் மாற்று உறுப்புகளும்



போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. விடியற்காலையில் அந்தச் சோதனைச் சாவடிக்கு அருகே நின்றிருந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மூடுபனியினூடே விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு ஜீப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வரும். ஒவ்வொரு வண்டியிலும், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். மாலையில் அதே வண்டிகள் அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கும். கம்பம், தேவாரம், போடி முதலிய ஊர்களில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் நம்பித்தான்.

அந்த மலையில் ஒரு தோட்டத்தில் மேற்பார்வை அலுவலனாக 31 ஆண்டுகள் பணி புரிந்தவன் நான். எனக்கென்று ஒரு பழைய ஜீப்பும் இருந்தது. அதில் நான் செய்த மாற்றங்கள் பல. அவற்றுள் சில நன்மையாக முடிந்தன, ஒன்று உயிருக்கே வினையாகப் பார்த்தது. பழைய ஜீப்பு ஒன்றை வாங்கித் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் ஆவல் இப்போது பல இளைஞரிடம் காணப்படுகிறது. தில்லியிலும் புனேயிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள் சிலர் என்னிடமே யோசனை கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியே எழுதியதைத் தொகுத்து இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் வண்டியின் பிறப்பைச் சிறிது பார்த்துவிடுவோம். 1940ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கப் படைத்துறை, உளவுக்குப் பயன்படும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு எழுதியது. முதல் மாதிரியை 49 நாளில் ஒப்படைக்க வேண்டும். எடை 1300 ராத்தலுக்கு மேற்படக் கூடாது என்பவை நிபந்தனைகள். நாள் கணக்கை நிறைவேற்றியது பாண்டம் என்னும் ஒரு சிறிய கம்பெனி. எடைக் கணக்கையோ எவராலும் நிறைவேற்ற முடியவில்லை. இறுதியில் போர்க்களத்துக்குச் சென்ற ஜீப்பின் எடை ஏறத்தாழ 1100 கிலோ, அதாவது முதலில் கேட்டதைப் போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து 1945க்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளின. ஒரு கம்பெனியின் உறுப்பு மற்றொன்றின் வண்டியில் பொருந்த வேண்டும் என்பது படைத்துறையின் விதி. போர்முனையில், இரண்டு உடைந்த வண்டிகளைக் கொண்டு ஓடும் வண்டி ஒன்றைச் செய்துகொள்ள வேண்டுமல்லவா?

இந்த வண்டியை எவரும் எளிதில் மாற்ற முடிவதற்குக் காரணம் அந்த விதியிலேயே இருக்கிறது. ஏணி போன்ற அடிச்சட்டம் ஒன்று. அதன்மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட தகரக் கூடு. தகடுகள் பெரும்பாலும் தட்டையானவை. ஆதலால் கிராமத்துக் கொல்லனும் ஒரு பக்கத் தகட்டை வெட்டி வளைத்துப் பொருத்திவிடுவான். எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே கழன்று வரும். இன்றைய கார்களில் ஒரு கம்பியைத் தொட்டால் பத்து விளக்குகள் எரிகின்றன. ஜீப்பு அப்படிப்பட்டதன்று, திறந்து காட்டிக்கொண்டு நிற்கும் வண்டி அது.

நம் நாட்டில் மகிந்திரா கம்பெனியார் 1940களின் இறுதியில், வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளை வரவழைத்துப் பம்பாயில் இணைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1953இல் வெளிவந்த சி.ஜே. 3பி என்னும் வகையே பிறகு நம் மலைகளிலும் காடுகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பல்லாண்டுகள் உழைத்தது. அதன் மூக்கு மற்ற ஜீப்புகளைவிட உயர்ந்து, சிறிது அழகு குறைந்தே காணப்படும். பழைய எஞ்சினுக்குப் பதிலாக, மேற்புறத்தில் வால்வு வைத்த உயரமான எஞ்சினை அதே உடலுக்குள் வைக்க வேண்டியிருந்தது; மூடி தட்டியது; மூடியை உயர்த்திவிட்டார்கள். ஆக, ஜீப்பை முதலில் வெட்டி ஒட்டியவர்கள் அதைச் செய்தவர்களேதாம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம் பட்டறை மேஸ்திரிகளைக் குறை கூறவும் மனம் வராது.

இந்தியாவெங்கும் இத்தகைய பட்டறைகள் உண்டு. அரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டி, மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். பழைய ஜீப்புகளை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, வேண்டியவாறு புதிதாகக் கட்டித் தருவதற்குப் பெயர்பெற்றது. டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சன் என்னும் சிற்றூரிலிருந்து 3636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பு முகட்டுக்குச் செல்லும் 31 கிலோமீட்டர் பாதையில், ஆங்கிலத் தோட்டக்காரர்கள் காலத்து லாண்ட் ரோவர் வண்டிகள் தலைமுறை தலைமுறையாக ஓடின. அவற்றுள் பலவற்றின் நெஞ்சுக்குள் இருப்பது இங்கிலாந்தின் எஞ்சின் அன்று. நம் நாட்டு டீசல் எஞ்சின். அந்த லாண்ட் ரோவரும் ஒருவகையில் ஜீப்பின் வாரிசுதான். 1948இல் வெளிவந்த அவ்வண்டியின் முதல் மாதிரியை, ஜீப்பின் அடிச்சட்டத்தின்மீதே கட்டிப் பார்த்தார்கள்.

இனி என் வண்டிக்கு வருகிறேன். 1988இல் ஒரு தோட்டத்தின் ஏலத்தில் நான் எடுத்தது சி.ஜே. 3பி, பெட்ரோல் வண்டி. இழுவையில் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்துச் சேற்றிலும், ஏலச்செடிகளுக்கு நடுவே கல் பாவிய ஒற்றைத் தடத்திலும், ஆடு ஏறுவது போல் ஏறும். ஆனால் அதன் வயிறு பெரிது. மலையில் ஒரு லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கிடைத்தால் அன்று நல்ல நாள். மாதச் சம்பளக்காரனான எனக்கு அது தாங்கவில்லை. அக்காலத்தில் டீசல் விலை பெட்ரோல் விலையைவிட மிகக் குறைவு. மலையில் ஜீப்பு வைத்திருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். மகிந்திராவின் எம்.எம். 540 என்ற வண்டியில் வந்த, பெஜோ வகையைச் சேர்ந்த 2.1 லிட்டர் டீசல் எஞ்சின், விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து எனக்குக் கிடைத்தது. போக்குவரத்து அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அனுமதி பெற்று, 1992இல் மாற்றினேன்.

எஞ்சினை இறக்கி எஞ்சினை ஏற்றுவதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. பெட்ரோல் வண்டியில் எரிபொருள் தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய் போனால் போதும். டீசல் எஞ்சினில் எரியாமல் மிஞ்சிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வர வேண்டும். ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே இருக்கும் பழைய தொட்டியில் அதற்கு வாயில் கிடையாது. பெட்ரோல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். பழைய டீசல் எஞ்சினோ எண்ணெயை அடைத்தாலன்றி நிற்காது. அதற்கென ஒரு குமிழும் கம்பியும் வேண்டும். எஞ்சினைத் தாங்கும் கொண்டிகள் பெட்ரோல் எஞ்சினின் மெல்லிய நடுக்கத்துக்குச் செய்யப்பட்டவை. டீசலின் உதறலுக்கு அவை ஓராண்டில் வெடித்துவிடும். முன்பக்கம் எடை கூடுவதால் வில்லில் ஒரு பட்டை சேர்க்க வேண்டும். பட்டையைச் சேர்த்தால் மூக்கு உயரும். உயர்ந்தால் இயங்கு தண்டின் சாய்வு மாறும். இப்படி ஒன்றை மாற்றினால் அது அடுத்த ஒன்றைக் கையைப் பிடித்து இழுத்து வரும்.

கியர் விகிதமும் அப்படித்தான். சி.ஜே. 3பி வண்டியில், இயங்கு தண்டு 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அதன் டயரின் குறுக்களவு ஏறத்தாழ 28 அங்குலம். கணக்கிட்டுப் பார்த்தால், மேல் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 2400 சுற்றுச் சுற்றுகிறது. 80 கிலோமீட்டரில் 3200ஐத் தொடும். பெட்ரோல் எஞ்சினுக்கு இது பெரிதன்று. நிதானமாக உழைக்கும் டீசலுக்கு இது ஓயாத ஓட்டம். ஆகவே சிலர் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களையே மாற்றுகிறார்கள். என் நண்பர் ஒருவர் சிக்கனம் கருதிப் பின் அச்சை மட்டும் மாற்றி, முன் அச்சைப் பழையபடி விட்டுவிட்டார். காய்ந்த சாலையில் பின் சக்கரங்களால் மட்டும் ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. பூப்பாறைக்கு அருகே சேற்றில் சிக்கி, நான்கு சக்கர இயக்கத்துக்கான நெம்புகோலைத் தள்ளியபோது, முன் சக்கரம் ஒரு வேகத்தில் போக வேண்டும் என்றது. பின் சக்கரம் வேறொரு வேகத்தில் போக வேண்டும் என்றது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட இடைமாற்றுப் பெட்டியின் பற்கள் உதிர்ந்தன. சிக்கனம் செய்த பணத்தைப் போல் மூன்று மடங்கு செலவாயிற்று.

எனக்கு நேர்ந்தது அதைவிடக் கொடிது.

எஞ்சினை மாற்றித் தந்த பட்டறையார், பிரேக்கையும் இலேசாக்கித் தருவதாகச் சொல்லி, ஏதோ ஒரு பெட்ரோல் காரிலிருந்து எடுத்த பிரேக்கு பூஸ்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். காலால் மிதிக்கும் வலுவைப் பெருக்கித் தரும் உருண்டைப் பெட்டி அது. அந்தப் பெட்டிக்கு உயிர், எஞ்சின் உறிஞ்சும் காற்று வழியில் உண்டாகும் வெற்றிடம். பெட்ரோல் எஞ்சினில் காற்று வழியை ஒரு தகடு அடைத்து அடைத்துத் திறக்கிறது. அடைக்கும்போது உள்ளே வெற்றிடம் பிறக்கிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய தகடு இல்லை; காற்று தாராளமாகப் போகிறது; வெற்றிடத்துக்கு இடமே இல்லை. பட்டறையார் குழாயை டீசல் எஞ்சினின் காற்று வழியிலேயே கொண்டுபோய்ச் செருகியிருந்தார்கள். பெட்டி வெறும் அலங்காரப் பொருளாக உட்கார்ந்திருந்தது. அதற்கு இடம் தருவதற்காகப் பிரேக்கு மிதியின் நெம்புகோலையும் குட்டையாக்கிவிட்டார்கள். ஆதலால் முன்பிருந்த காலின் வலுவும் குறைந்தது. எனக்கு இவையெல்லாம் அப்போது தெரியா. மிதி சற்று இறுக்கமாக இருக்கிறதே, புதிது, பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை. வேலை முடிந்து தங்கள் வண்டியைத் தவறவிட்ட ஆறு பெண்கள், போடிக்கு இறங்கும் என் வண்டியில் வருவதாகக் கேட்டார்கள். இரண்டு மூட்டைகளும் ஏறின. போடிமெட்டிலிருந்து இறங்கத் தொடங்கி நான்காவது அல்லது ஐந்தாவது வளைவில், மிதியை மிதித்தால் வண்டி தயங்கித் தயங்கி நிற்பதை உணர்ந்தேன். பழைய பெட்ரோல் எஞ்சினில், மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் காற்று வழி அடைபட்டு, எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். இறக்கத்தில் அது பாதிப் பிரேக்கு வேலையைச் செய்துவிடும். டீசலில் அந்த இழுப்புக் குறைவு. நானோ பழைய பழக்கத்தில் மூன்றாம் கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். சக்கரத்தினுள் இருந்தவை 9 அங்குலக் குறுக்களவுள்ள சிறு டிரம்கள்; அவை காய்ந்து, எரிந்த ரப்பர் போன்ற நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவில் இரண்டு கால்களையும் ஊன்றி மிதித்தேன். மிதி கல்லாய் நின்றது, வண்டி நிற்கவில்லை.

கியரை இரண்டுக்குத் தள்ளினேன். கைப் பிரேக்கை இழுத்தேன். அந்த வண்டியில் கைப் பிரேக்கு சக்கரத்தைப் பிடிப்பதன்று. நடுவிலுள்ள இயங்கு தண்டைப் பிடிப்பது. நிற்கும் வண்டியை நிறுத்தி வைக்கச் செய்ததே தவிர, ஓடும் வண்டியை நிறுத்தச் செய்ததன்று. அதுவும் அலறிற்று. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. மறுபக்கம் மலைச்சுவரும் மழைநீர் ஓடும் கால்வாயும். இடம் பார்த்து மலைப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் கால்வாயில் இறக்கினேன். பாறையில் உரசிக்கொண்டு, முப்பது நாற்பது அடி சென்று, வண்டி சாய்ந்து நின்றது. ஒருவருக்குக் கை சிராய்த்தது. ஒருவருக்கு நெற்றியில் சிறு காயம். அவ்வளவோடு போயிற்று.

அந்த ஆறு பேரில் மூத்தவர் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், எதுவும் பேசாமல் கீழே இறங்கி, சிதறிய தூக்குவாளிகளைப் பொறுக்கி அவரவரிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாங்க நடந்தே போயிக்கிறோம்யா" என்றார். ஆறு பேரும் அந்த இருட்டில் மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களைத் தடுத்துச் சொல்வதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. கீழே எவரோ வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள் என்று மறுநாள்தான் அறிந்தேன்.

வண்டியை இழுத்துச் சென்று போடியில் வேறொரு மேஸ்திரியிடம் விட்டேன். அவர் படித்தவர் அல்லர். லாரிப் பட்டறையில் சிறுவயது முதல் வளர்ந்தவர். முதற்காரியமாக ஒரு சோதனை செய்தார். எஞ்சினை அணைத்துவிட்டுப் பிரேக்கு மிதியை நாலைந்து முறை அமுக்கினார். பிறகு மிதியின் மேல் காலை அழுத்தி வைத்துக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டார். பூஸ்டர் உண்மையில் வேலை செய்தால், எஞ்சின் எழுந்தவுடன் மிதி காலுக்கடியில் சிறிது கீழே இறங்க வேண்டும். அது இம்மியும் அசையவில்லை. "சார், ஓடவைக்கிறதுக்கு வேல பாத்திருக்காங்க. நிக்க வைக்கிறதுக்கு ஒருத்தரும் வேல பாக்கல" என்றார். பூஸ்டர் உள்ள எந்த வண்டியிலும் இந்தச் சோதனையை ஒரு நிமிஷத்தில் நீங்களே செய்து பார்க்கலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், வர்ணத்தையும் விளக்கையும் பார்ப்பதற்கு முன் இதைச் செய்துகொள்வது நலம்.

அவர் செய்த மாற்றங்கள் நான்கு. ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பு ஒன்றை வைத்தார். டீசல் கார்களில் அவ்வாறே இருக்கும். அந்த வெற்றிடத்தைச் சேமிக்க ஒரு சிறு தகரத் தொட்டி. எஞ்சின் இடையில் நின்றுபோனாலும் இரண்டொரு முறை மிதிக்க அது உதவும். குட்டையாக்கியிருந்த மிதியின் நெம்புகோலைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்து, பின்வந்த ஜீப்புகளின் பெரிய டிரம்களைச் சக்கரங்களில் பொருத்தினார். நான்காவதுதான் எல்லாவற்றிலும் மேலானது என்பது என் கருத்து. பழைய ஜீப்பில் பிரேக்கு எண்ணெய் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழியாகப் போகிறது. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு பிரேக்கும் ஒரு சேரப் போய்விடும். அவர் இரட்டை அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரை வைத்து, முன் சக்கரங்களுக்கு ஒரு வழியும் பின் சக்கரங்களுக்கு ஒரு வழியுமாகப் பிரித்தார். ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும். இத்தனைக்கும் ஆன செலவு, எஞ்சினை மாற்றிய செலவில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகையினால்தானோ என்னவோ, எவரும் இதை முதலில் கேட்பதில்லை.

கூட்டை நீட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் பின்பக்கத்தை நீட்டி, பக்கவாட்டில் பலகை இருக்கை வைத்து, மேலே கனத்த இரும்புக் கம்பியில் சாமான் தட்டும் கட்டுகிறார்கள். சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம் அப்படியே இருக்க, பின்னச்சுக்குப் பின்னால் தொங்கும் பகுதி மட்டும் வளர்கிறது. ஏற்றத்தில் எடை முழுவதும் பின்னே சாய்ந்து, முன் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் போகின்றன. அப்போது ஸ்டீரிங்கைத் திருப்பினால் வண்டி கேட்பதில்லை. மேல் தட்டில் மூட்டை ஏறினாலோ வளைவில் கவிழும் அபாயம் கூடுகிறது. அந்த மலைகளில் தொழிலாளர் ஜீப்புகள் கவிழ்ந்த செய்தியை நாளேடுகளில் பலமுறை படித்திருக்கிறோம். உடனே ஓட்டுநர் மீதுதான் பழி விழுகிறது. எட்டுப் பேருக்குச் செய்த வண்டியைப் பதினைந்து பேருக்கு நீட்டிய கையைப் பற்றியும், கூலிக்கு ஆள் வந்தால் போதும், எப்படி வந்தால் என்ன என்றிருக்கும் தோட்டத்தைப் பற்றியும் எவரும் கேட்பதில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. என் தோட்டத்து வாசலில் அத்தகைய வண்டிகளை எண்ணி உள்ளே விட்டவன் நானேதான்.

இப்போது இளைஞர்கள் கேட்கும் மாற்றம் வேறு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் செல்வதானால் கேரளத்தின் வழியாக ஜீப்பில்தான் அங்கே போக முடியும். அந்தக் கற்பாதையைக் கண்டவுடன், தம் வண்டிக்கும் பெரிய டயர் வேண்டும் என்று ஆசை பிறந்துவிடுகிறது. 28 அங்குலத்துக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால், அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்றரை அங்குலம் உயரும், அது நன்மை. சக்கரத்தின் சுற்றளவு நூற்றுக்குப் பதினொன்று அளவு கூடும். ஆகவே வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 66க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். எஞ்சினின் சுற்றுக் குறையும் என்று சமவெளியில் வாழ்பவர் மகிழலாம். ஏற்றத்தில் அதே அளவுக்கு இழுவையும் குறையும், நிறுத்துவதற்கு அதே பழைய டிரம் அதிகம் பாடுபட வேண்டும். சக்கரம் அகலமாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி வளையத்தை மாற்றினால், முன் அச்சின் மூட்டுகளிலுள்ள பேரிங்குகள் விரைவில் தேயும். தேய்ந்தபின் ஒரு குழியில் சக்கரம் விழுந்தால் போதும். முன் சக்கரங்கள் இரண்டும் வலிப்புக் கண்டது போல் உதறத் தொடங்கும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினாலன்றி அந்த உதறல் அடங்காது. எனவே சற்றுப் பெரிய, ஒடுங்கிய டயரே மலைக்கு ஏற்றது என்பேன். மூக்கில் கட்டும் வின்ச்சு, காற்றைக் கூரைக்கு மேலிருந்து உறிஞ்சும் குழாய் ஆகியவை பற்றி என்னிடம் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஆற்றைக் கடப்பவருக்கு அவை வேண்டும். அலுவலகத்துக்குப் போகிறவருக்கு வேண்டா.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், செய்தவர் முதலில் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு திங்கள் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்று சேர்த்தார்கள். ஆகவே நான் 1992இல் செய்ததை இன்று அப்படியே செய்துவிடலாம் என்று எவரும் கருத வேண்டா. கை வைப்பதற்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேற்று மாநிலத்தில் பதிவான பழைய வண்டியை வாங்குகிறவர்கள், பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணையும் எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைச் சிலர் கடுமையானது என்கிறார்கள். கால்வாயில் வண்டியை இறக்கிய என்னால் அப்படிச் சொல்ல இயலவில்லை. ஆயினும், பழைய வண்டியில் பிரேக்கை மேம்படுத்துவதையும் விளக்கை மட்டும் மாற்றி மினுக்குவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது சரியா என்னும் ஐயம் எனக்கு உண்டு.

மேஸ்திரி வேலையை முடித்துக் கொடுத்த வாரம், தோட்டத்துப் பாதையில் அந்த மூத்த பெண்மணி எதிரே வந்தார். வண்டியை நிறுத்தினேன். அவர் ஏறவில்லை. சக்கரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "இப்ப நிக்குமாய்யா?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். "நீங்க முதல்ல ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் சொன்னபடியே ஒரு மாதம் கழிந்தபின் ஏறினார். பின்பக்கத்தில் வாசலோரமாக, குதிப்பதற்கு வசதியாக உட்கார்ந்துகொண்டார். கடைசி வரை அந்த இடத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்றபின் அந்த ஜீப்பை மேஸ்திரியின் தங்கை மகனிடமே கொடுத்துவிட்டேன். இன்றும் அது சூரியநெல்லிப் பக்கத்தில் பழைய அளவுச் சக்கரங்களோடு ஓடுகிறது. 1992இல் கழற்றிய பெட்ரோல் எஞ்சின் மட்டும் என் வீட்டுப் பின்கட்டில், மரச்சட்டத்தின் மேல், எண்ணெய்த் துணி போர்த்தி இருக்கிறது. இப்போது பழைய ஜீப்புகளைப் பழையபடியே மீட்க விரும்புகிறவர்கள் பெருகிவிட்டதால், அதற்கு நல்ல கிராக்கி. சென்ற ஆண்டு இருவர் வந்து விலை கேட்டார்கள். அவர்கள் சொன்ன தொகை, முழு வண்டியையும் நான் ஏலத்தில் எடுத்த தொகையைவிட அதிகம். நான் இன்னும் கொடுக்கவில்லை. மாதம் ஒரு முறை சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டு, கைப்பிடி போட்டு இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி துணியைப் போர்த்தி வைக்கிறேன்.